புகைக்கரி படிந்த கால்விரல் தடமும் ஏழு வருஷத் தீவாந்தரமும்

நெய்தல்நிலா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் ஹோபார்ட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது போர்ட் ஆர்தருக்குக் கூட்டிப்போனேன். பழைய கைதிச் சிறை, உலகப் பாரம்பரியச் சின்னம், இந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரும் பார்க்காமல் போகமாட்டார்கள். அங்கே படகில் ஏற்றி ஒரு சுற்று காட்டுவார்கள். நடுவில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறை முனையைக் காட்டி, இதுதான் பாயிண்ட் பியூர், சின்னப் பையன்களை அடைத்து வைத்திருந்த இடம் என்றார் வழிகாட்டி. பியூர் என்றால் லத்தீனில் பையன். "சின்னப் பையன்னா எத்தனை வயசு?" என்று அம்மா கேட்டார். ஒன்பது வயதில் வந்தவர்களும் உண்டு என்றேன். அப்புறம் படகு கரைக்கு வரும்வரை அம்மா பேசவே இல்லை. என் அக்கா பையனுக்கு இப்போது ஒன்பது வயசு.

வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கம் வராமல் தேட ஆரம்பித்தேன். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் பழைய வழக்குக் குறிப்புகள் எல்லாம் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 1783 டிசம்பரில் நடந்த ஒரு வழக்கைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

பையன் பெயர் ஜான் ஹட்சன். ஒரு மருந்துக் கடைக்காரர் வீட்டுக்குள் ஜன்னல் வழியாக இறங்கி ஒரு லினன் சட்டை, பட்டுக் காலுறைகள் ஐந்து, இரண்டு ஏப்ரன், ஒரு கைத்துப்பாக்கி எடுத்துக்கொண்டு போனான் என்பது வழக்கு. எத்தனை வயது என்று நீதிமன்றம் கேட்கிறது, ஒன்பது நடக்கிறது என்கிறான். என்ன தொழில்? ஒன்றுமில்லை, சில நேரம் புகைபோக்கி சுத்தம் செய்வேன். அப்பா அம்மா? செத்துப்போய்விட்டார்கள். எப்போது? தெரியாது.

விசாரணையே இவ்வளவுதான் அவன் பக்கத்திலிருந்து. மற்றதெல்லாம் மற்றவர்கள் சொன்னது. அதில் எனக்கு மறக்க முடியாதது வீட்டுக்காரர் சாட்சி. ஜன்னல் வழியாக யாரோ சறுக்கி இறங்கிய அடையாளமும், மேஜை மேல் புகைக்கரி படிந்த கால்விரல் தடமும் இருந்தது என்கிறார். இன்னொரு பெண், இந்தப் பையன் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து உடம்பிலிருந்த கரியைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்கிறாள். புகைபோக்கிக்குள் ஏறிப் பிழைத்த பிள்ளை, செருப்பில்லாத கால், அந்தக் கரியே அவனைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

ஏழு வருஷம் நாடுகடத்தல் என்று தீர்ப்பு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எனக்கு இதை யாரோடாவது பேசியாக வேண்டும்போல இருக்கிறது.

சுடலைமுத்து எழுதியது:

படித்தேன் சகோதரி. மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு சின்ன செல்போன் கடை. இரண்டு தடவை கூரையைப் பிரித்து இறங்கினார்கள், இரண்டு தடவையும் பதினாலு பதினஞ்சு வயதுப் பையன்கள்தான். ஒவ்வொரு தடவையும் நான் மறுபடி எழுந்து நிற்க ஆறு மாசம் ஆனது. திருடப்பட்டவன் நிலைமையையும் யோசிக்க வேண்டும். 240 வருஷத்துக்கு முந்தைய சட்டத்தை இன்றைய கண்ணால் பார்த்து அழுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் தண்டனை கடுமைதான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சுடலைமுத்து தம்பி, உங்கள் நஷ்டம் உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் "அந்தக் காலத்துக் கண்" என்று ஒன்று தனியாக இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் முப்பத்தொரு வருஷம் வரலாறு நடத்தியவன், கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

18-ஆம் நூற்றாண்டு முடிந்து 19 தொடங்கும்போது இங்கிலாந்தில் தூக்குத் தண்டனைக்குரிய குற்றங்கள் 200-க்கு மேல். ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. கடையிலிருந்து 5 ஷில்லிங்குக்குத் திருடினால் தூக்கு. அவருக்கே தெரியாமல் பையிலிருந்து ஒரு ஷில்லிங்குக்கு மேல் எடுத்தால் தூக்கு, இது 1808 வரை இருந்தது. இதை அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் தெரியுமா? ஜூரியில், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல அழைத்த ஊர்க்காரர் குழுவில், உட்கார்ந்த கடைக்காரர்களும் தச்சர்களும் பொருளின் விலையைக் குறைத்துப் போட்டார்கள். கண்ணெதிரே நாலைந்து பவுண்ட் பெறும் சரக்கு இருக்கும் (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்), 39 ஷில்லிங் என்று தீர்ப்பு எழுதுவார்கள். சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய்தான் அது, ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய். ஆக, இது அநியாயம் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது, அதுவும் உங்களைப் போலக் கடை வைத்திருந்தவர்களுக்கே.

அப்படித் தூக்கிலிருந்து தப்பியவர்களை என்ன செய்வது என்றபோது வந்த வழிதான் நாடுகடத்தல். 1718 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள், அங்கே புகையிலைத் தோட்டக்காரர்கள் கைதிகளின் உழைப்பை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்கா கலகம் செய்ததும் அந்த வழி அடைத்துப்போனது. 1776-லிருந்து, ஓடாத பழைய கப்பல்களைத் தேம்ஸ் ஆற்றில் நிறுத்தி அவற்றில் அடைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்று தொடங்கிய மிதக்கும் சிறைகள் எண்பது வருஷம் ஓடின. அவை நிரம்பி வழிந்தபோதுதான் ஆஸ்திரேலியா. 1787 மே 13-ஆம் தேதி போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் புறப்பட்டன. அதிலிருந்து 1868-இல் கடைசிக் கப்பல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கைதிகளை இறக்கியது வரை எண்பது வருஷத்தில் சுமார் 1,62,000 பேர். பெரும்பாலோர் செய்தது திருட்டுதான்.

நம் பக்கத்துக் கிழவிகள் யாரையாவது திட்டும்போது "உன்னைத் தீவாந்தரம் அனுப்ப" என்பார்களே, அந்தச் சொல் இதே தண்டனைதான். தீவாந்தரம் என்றால் வேறொரு தீவு. சென்னை மாகாணத்திலிருந்து பினாங்குக்கும் சுமத்ராவிலிருக்கும் பென்கூலனுக்கும் சிங்கப்பூருக்கும், 1858-க்குப் பிறகு அந்தமானுக்கும் அனுப்பியதால் நம் மொழிக்குள் வந்து உட்கார்ந்த சொல்.

மதுரை வக்கீல் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒரு சின்னச் சட்டக் குறிப்பு. ஹட்சன் வழக்கை நானும் இப்போதுதான் தேடிப் படித்தேன். அதில் நீதிபதி நடந்துகொண்ட விதம் கவனிக்க வேண்டியது. ராத்திரியில் வீடு புகுந்து திருடுவது அன்றைக்குத் தூக்குக்குரிய குற்றம். பையன் ஒப்புக்கொண்டான் என்று சாட்சி சொன்னபோது, இந்த வயதுப் பிள்ளையின் ஒப்புதலை மிகுந்த தயக்கத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அவன் உள்ளே இருந்தான் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது, விடிந்த பிறகுகூட நுழைந்திருக்கலாம் என்று ஜூரியிடம் சொல்கிறார். ஜூரியும் வீடு புகுந்த குற்றத்திலிருந்து விடுவித்துத் திருட்டுக்கு மட்டும் தண்டிக்கிறது. தூக்கு போய்விட்டது.

அதே நீதிபதி அடுத்து என்ன சொல்கிறார் என்றால், முடிந்தால் இப்படிப்பட்ட பையனை அழிவிலிருந்து பறித்து மீட்க வேண்டும், விட்டால் மறுபடி அதே வாழ்க்கைக்குத்தான் போவான் என்கிறார். இரக்கமுள்ள பேச்சுதான். அந்த இரக்கத்தின் முடிவு ஏழு வருஷ நாடுகடத்தல்.

நான் சிறார் வழக்குகள் பார்க்கிறவன். "வெளியே விட்டால் கெட்டுப்போவான் சார், உள்ளே இருக்கட்டும், அவனுக்கே நல்லது" என்ற வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். சொல்கிறவர் யாரும் கெட்டவர் இல்லை. அதனால்தான் அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

தமிழினி சிட்னி எழுதியது:

நெய்தல்நிலா அக்கா, நல்ல இழை. நான் சிட்னியிலே படிச்சு வளர்ந்தவள், பள்ளிக்கூடத்திலே எங்களுக்குச் சொல்லித் தந்த கதை மேரி வேட். அவள் லண்டன் தெருவிலே கூட்டிப் பெருக்கிப் பிச்சை எடுத்துத் திரிஞ்ச பிள்ளை. பதினாலு வயசுப் பெட்டை ஒருத்தியோட சேர்ந்து, எட்டு வயசுப் பிள்ளை ஒன்றின்ர பருத்திச் சட்டை, தொப்பி, கழுத்துத் துணி எல்லாத்தையும் கழற்றிக்கொண்டு போயிட்டாள். 1789 ஜனவரியிலே ரெண்டு பேருக்கும் மரண தண்டனை. அப்ப மேரிக்குப் பதினொரு வயசுகூட ஆகேல்லை என்றுதான் சொல்லித் தந்தவை. அந்த மார்ச்சிலே மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி சுகமாயிட்டுது என்று அறிவிச்சு, அந்தச் சந்தோஷத்திலே தூக்குக்குக் காத்திருந்த பெண்களை நாடுகடத்தச் சொல்லிவிட்டார்கள். மன்னருக்குச் சுகம் வர இன்னும் ரெண்டு மாசம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அப்பவே வகுப்பிலே யோசிச்சிருக்கிறன்.

லேடி ஜூலியானா என்ற கப்பலிலே 1790 ஜூனிலே சிட்னிக்கு வந்து சேர்ந்தாள். 21 பிள்ளைகள் பெற்றாள் என்று சொல்லுவினம். 1859-இலே இறக்கேக்க பேரன் பேத்தி பூட்டப்பிள்ளை என்று 300 பேருக்கு மேலே உயிரோட இருந்தவை. முன்னாள் பிரதமர் கெவின் ரட் அவளின்ர வழியிலே வந்தவர்.

சுடலைமுத்து எழுதியது:

//21 பிள்ளைகள் பெற்றாள்... கெவின் ரட் அவளின்ர வழியிலே வந்தவர்//

இதைத்தான் நானும் கேட்க வந்தேன். லண்டனிலேயே இருந்திருந்தால் அந்தப் பிள்ளை தெருவிலேயே செத்திருக்கும். இங்கே வந்ததால் நிலம், குடும்பம், வாரிசு எல்லாம் கிடைத்தது. அப்படியானால் அந்த நீதிபதி சொன்னது முழுக்கத் தப்பு என்று எப்படிச் சொல்வது? நான் விவாதத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

தமிழினி சிட்னி எழுதியது:

விளங்குது அண்ணா. எனக்கும் ஒரு காலத்திலே அப்படித்தான் தோன்றினது. ஆனால் லேடி ஜூலியானாவுக்குப் பின்னாலே அதே மாசம் வந்த மூன்று கப்பல்களைப் பாருங்கோ. நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ. அடிமை வியாபாரத்திலே இருந்த ஒரு கம்பெனிக்குக் குத்தகை குடுத்தவை. கப்பலிலே ஏற்றின தலைக்குக் காசு, உயிரோட இறக்கின தலைக்கு இல்லை. அப்படியென்றால் அவன் ஏன் சாப்பாடு போடப்போறான்? கைதிகளிலே ஏறக்குறைய நாலிலே ஒரு பங்கு வழியிலே செத்துப்போனது. மேரி வேட் வேறொரு கப்பலிலே ஏறினதாலே நாங்கள் இன்றைக்கு அவள் பேரைக் கதைக்கிறம். தப்பிப் பிழைச்ச ஒரு ஆளின்ர பேரப்பிள்ளைகளை எண்ணி இந்தக் கணக்கைப் போடக்கூடாது, செத்துப்போன பெடியன்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லையே.

அப்புறம் இன்னொன்று. "நிலம் கிடைச்சது" என்கிறீங்கள். அந்த நிலம் யாரின்ரது? கப்பல்கள் வந்து இறங்கின இடம் அந்த மண்ணின்ர பூர்வகுடிகளான காடிகல் மக்களின்ர இடம். வந்து ஒரு வருஷத்துக்குள்ளே, 1789-இலே, பெரியம்மை வந்து அந்தக் குடாவைச் சுற்றி இருந்த ஆட்களிலே பெரும் பகுதியை அள்ளிக்கொண்டு போனது. ஊரிலே நிலத்தை விட்டுட்டு வந்த குடும்பம் எங்கட. அதாலே இந்த ஒரு விஷயத்திலே எனக்குச் சும்மா இருக்க ஏலாது.

சுடலைமுத்து எழுதியது:

சரி தங்கச்சி. அந்தத் தலைக்குக் காசு விஷயம் எனக்குத் தெரியாது. யோசிக்கிறேன்.

குறிஞ்சி மலர் எழுதியது:

ஒரு சந்தேகம். பாயிண்ட் பியூரில் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் இருந்தது, அதனால் அது சிறை இல்லை, ஒரு மாதிரி ஐ.டி.ஐ. என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? இரண்டு பையன்கள் கையைப் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து கடலில் குதித்துச் செத்தார்கள் என்றும் அதில் சொன்னார்கள்.

நெய்தல்நிலா எழுதியது:

குறிஞ்சி மலர், முதலில் இரண்டாவது கேள்வி. அந்தக் குதித்த கதை 19-ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றில் வருகிறது, அது ரொம்பப் பிரபலமாகி உண்மைச் சம்பவம்போல எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆவணங்களில் அப்படி ஒன்று இல்லை. நடந்ததே போதும், கற்பனைக் கதையைச் சேர்த்துச் சொன்னால் நாளைக்கு யாராவது எல்லாமே கட்டுக்கதை என்பார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் கொஞ்சம் சிக்கலானது. 1834 ஜனவரியில் அதைத் தொடங்கியவர் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் ஆர்தர். அதுவரை வந்து இறங்கிய பையன்களை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள், உடம்பில் பலமில்லை, தொழில் தெரியாது, ஹோபார்ட்டில் பெரியவர்களோடு ஒரே கொட்டடியில் கிடந்து என்னென்ன பட்டார்களோ. பெரிய கைதிகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்பதுதான் முதல் காரணம். அதனால்தான் நடுவில் தண்ணீர் இருக்கிற மாதிரி இடம் பார்த்தார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே பையன்களுக்கு என்று தனியாகக் கட்டிய முதல் சிறை அதுதான் என்று இங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். 1849-இல் மூடும்வரை சுமார் 3,000 பையன்கள்.

தொழில் கற்றுக்கொடுத்தது உண்மை. தச்சு, செருப்புத் தைப்பது, தையல், படகு கட்டுவது, கல் கொத்துவது. போர்ட் ஆர்தரில் கூரை இல்லாமல் நிற்கிற தேவாலயம் இருக்கிறதே, எல்லாப் படத்திலும் வருவது, அதன் கல் வேலையில் இந்தப் பையன்கள் கை இருக்கிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் உளி கொத்திய தடம் தெரியும். ஊரில் கோயில் திருப்பணி நடக்கும்போது மாமா கூடப் போய்க் கல்தச்சர்களைப் பார்த்திருக்கிறேன், உளியைச் சரியாகப் பிடிக்கவே ஒரு பிள்ளைக்கு ரெண்டு வருஷம் ஆகும் என்பார்கள். இங்கேயும் அப்படித்தான் ஆகியிருக்கும், வேலையின் நேர்த்தி அதைச் சொல்கிறது.

ஆனால் அந்த முனை ஒரு மொட்டைப் பாறை. குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. தெற்கே திறந்த கடல், அண்டார்டிகா பக்கமிருந்து வருகிற காற்று நேராக அடிக்கும், எனக்கு ஜூலையில் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது. பேசக்கூடாத நேரத்தில் பேசினால், புகையிலை வைத்திருந்தால், கொடுத்த பொருளைத் தொலைத்தால் தண்டனை. தனிக் கொட்டடி, ரொட்டியும் தண்ணீரும், அதற்கு மேல் பிரம்படி. ஐ.டி.ஐ.யில் படிக்கிற பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போவான். அந்த வித்தியாசத்தைக் காணொளி போட்டவர் சொல்லியிருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இப்படித் தனி இடம்கூட இல்லை. ஹோபார்ட்டில் கஸ்கேட்ஸ் என்ற இடத்தில் பெண் கைதிகளுக்கு ஒரு பெரிய கட்டடம், வளர்ந்த பெண்களோடு அங்கேதான். நான் வேலைக்குப் போகிற வழியில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மா நெய்தல்நிலா, நன்றாகச் சொன்னீர்கள். இதற்கு முன்னால் இங்கிலாந்திலேயே இந்தப் பிள்ளைகள் எங்கே காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூரியாலஸ் என்று ஒரு போர்க்கப்பல். 1805-இல் டிரஃபால்கர் கடற்சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனோடு நின்ற கப்பல். வயதான பிறகு பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, 1825-லிருந்து 1843 வரை சாத்தம் துறைமுகத்தில் சிறுவர் சிறையாக நிறுத்தி வைத்தார்கள். வெற்றி விழாவில் பேசப்பட்ட கப்பலின் கீழ்த்தட்டில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஜன்னல் இல்லை, கைதிகளுக்கான துணிகளைத் தைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

அடுத்தது பார்க்ஹர்ஸ்ட். இங்கிலாந்தின் தென்கரையிலிருக்கும் ஒயிட் தீவில் 1838-இல் பையன்களுக்காகவே திறந்த சிறை. அங்கே திருந்தினான் என்று தோன்றிய பையனை "தொழில் பழகுநர்" என்று பெயர் மாற்றி, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பினார்கள். கைதிகளை வாங்கமாட்டோம் என்ற பேச்சோடு தொடங்கிய குடியேற்றங்கள் அவை, அதனால்தான் இந்தப் பெயர் மாற்றம். 1842-43-இல் ஆக்லாந்தில் இரண்டு கப்பல்களில் வந்து இறங்கியவர்கள் 123 பேர். மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 234 பேர்.

அவர்களில் ஒருவன் ஜான் கேவின். அவனை வேலைக்கு வைத்திருந்த பண்ணை வீட்டு மகனைக் கொன்றதாக 1844 ஏப்ரல் 6-ஆம் தேதி ஃப்ரீமாண்டிலில் தூக்கிலிட்டார்கள். அவனுக்கு வயது 15. மேற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றத்தில் சட்டப்படி தூக்கிலிடப்பட்ட முதல் ஐரோப்பியன் அவன்தான். கொலையை நான் சின்னதாக்கவில்லை, செத்த பிள்ளைக்கும் தாய் உண்டு. ஆனால் 12,000 மைல் தாண்டி யாருமில்லாத ஊரில் ஒரு பையனைக் கொண்டுபோய் விட்டு, அதற்குத் தொழில் பழகுதல் என்று பெயர் வைத்தவர்களில் ஒருவரும் அந்தக் கூண்டில் நிற்கவில்லை.

பினாங்கு ராமன் எழுதியது:

ஐயா பினாங்கு என்றதும் எட்டிப் பார்த்தேன். 1802-இல் சிவகங்கைச் சீமையிலிருந்து சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் மற்றவர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். அவருக்கு அப்போது பதினைந்து வயதுதான் இருக்கும். திருட்டு இல்லை, போர். இருந்தாலும் இழையில் அவர் பெயரும் இருக்கட்டும் என்று போடுகிறேன். சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் பார்த்தவர்கள் அந்தப் பளபளப்பான வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்பில் கலந்து இழைத்த மதராஸ் பூச்சு, செய்தவர்கள் இந்தியக் கைதிகள்.

மதுரை வக்கீல் எழுதியது:

//திருட்டு இல்லை, போர்//

உண்மை, இரண்டையும் கலக்க வேண்டாம். ஆனால் ராமன் அண்ணன் போட்டது நல்லதே.

நம் சட்டத்தோடு இதற்கு இருக்கும் உறவை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இங்கிலாந்தில் அன்றைக்கு இருந்த வழக்கம் இது: ஏழு வயதுக்குக் கீழ் குற்றமே கிடையாது, ஏழிலிருந்து பதினாலு வரை, தான் செய்வது தப்பு என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்ததை நிரூபித்தால் மட்டும் தண்டிக்கலாம். 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தபோது இது 82, 83 என்று இரண்டு பிரிவுகளாக இங்கே வந்தது, பதினாலுக்குப் பதில் பன்னிரண்டு. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 20, 21. ஏழு என்ற அந்த எண் ஹட்சன் கூண்டில் நின்ற நாளில் இருந்தது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நல்லவேளை, நடுவில் சிறார் நீதிச் சட்டம் ஒன்று வந்து நிற்கிறது, அதனால் ஒன்பது வயதுப் பிள்ளை பெரியவர்கள் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. நாடுகடத்தல் என்ற தண்டனையும் நம் சட்டப் புத்தகத்தில் 1955 வரை இருந்தது, அப்புறம்தான் ஆயுள் சிறை என்று மாற்றினார்கள்.

இங்கிலாந்தில் இதை எதிர்த்துப் போராடியவர்களில் பிரிஸ்டல் ஊர் மேரி கார்ப்பென்டர் முக்கியமானவர். பிள்ளைகளுக்குச் சிறை கூடாது, பள்ளி வேண்டும் என்று எழுதி, 1852-இல் தானே ஒன்றைத் திறந்தவர். 1854-இல் சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டம் வந்தது. அந்த அம்மா 1866-இல் இந்தியாவுக்கு வந்தார், சென்னைக்கும் வந்தார். செங்கல்பட்டில் இருக்கிற அரசு சிறார் இல்லம் அந்த வழியில் உருவானதுதான். நான் அங்கே பலமுறை போயிருக்கிறேன், பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கதைதான், அப்பா இல்லை, அம்மா வேலைக்குப் போயிருந்தாள், ஒரு பைக், ஒரு செல்போன்.

சுடலைமுத்து எழுதியது:

வக்கீல் சார், என் கடையில் இறங்கிய பையன்களில் ஒருத்தனும் அப்படித்தான். பாட்டியோடு இருந்தான். பாட்டி என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து அழுதது, நான் உள்ளே போய்விட்டேன். இந்த இழையைப் படிக்கும்போது அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அதற்காக நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவனைக் கப்பலில் ஏற்றிக் கண்காணாத இடத்துக்கு அனுப்புகிறோம் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நெய்தல்நிலா, அந்த ஹட்சன் பையன் கடைசியில் என்ன ஆனான்? தீர்ப்போடு நிறுத்திவிட்டீர்களே.

குறிஞ்சி மலர் எழுதியது:

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். பாயிண்ட் பியூருக்கா போனான்?

நெய்தல்நிலா எழுதியது:

இல்லை குறிஞ்சி மலர், அவன் காலத்தில் பாயிண்ட் பியூர் கிடையாது, அதற்கு ஐம்பது வருஷம் முந்தையவன். கிடைத்ததை எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்கப் போர் முடிந்ததும் பழைய வழியை மறுபடி முயன்று பார்த்தார்கள், 1784-இல் மெர்க்குரி என்ற கப்பலில் அமெரிக்காவுக்கு என்று அவனை ஏற்றினார்கள். கப்பலிலிருந்த கைதிகள் கலகம் செய்து கப்பலைப் பிடித்துத் திரும்ப இங்கிலாந்துக் கரைக்கே ஓட்டிவந்துவிட்டார்கள். தப்பித்தவர்களில் பலர் பிடிபட்டார்கள், அவனும்தான். எக்ஸீட்டர் சிறை. பிறகு பிளிமவுத்தில் டன்கர்க் என்ற மிதக்கும் சிறை, அதில் வருஷக்கணக்காக. 1787-இல் ஃபிரெண்ட்ஷிப் என்ற கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு, அந்த முதல் 11 கப்பல்களில் ஒன்று. எட்டு மாதப் பயணம். அப்போது அவனுக்குப் பதின்மூன்று. கப்பலில் ஏற்றிய கைதிப் பையன்களிலேயே சின்னவன் அவன்தான் என்கிறார்கள்.

சிட்னியில் சாப்பாடு தீர்ந்துபோய்ப் பஞ்சம் வரும்போல இருந்தபோது, 1790 மார்ச்சில் ஆட்களைப் பிரித்து நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். சைரியஸ் கப்பலில் போனான். அந்தக் கப்பல் தீவின் பாறையில் மோதி உடைந்தது. ஆட்களைக் கரையேற்றிவிட்டார்கள். நார்ஃபோக்கில் 1791 பிப்ரவரியில் அவன் பெயர் ஒரு தடவை வருகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே இருந்ததற்காக 50 கசையடி. அதுதான் அவனைப் பற்றிக் கிடைக்கிற கடைசிக் குறிப்பு. அதற்குப் பிறகு கல்யாணம், நிலம், விடுதலை, சாவு, எந்தப் பதிவேட்டிலும் நான் தேடிப் பார்த்தவரை அவன் இல்லை.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். நேற்று போனில் அக்கா பையன் பக்கத்தில் இருந்தான், ராத்திரி எட்டரை இருக்கும், தெருவில் விளையாடப் போகிறேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

மதுரை வக்கீல் எழுதியது:

ஒரு நிமிஷம். தீர்ப்பு 1783 டிசம்பர். ஏழு வருஷம் தீர்ப்பு நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், 1790 டிசம்பரில் முடிந்துவிட்டது. கசையடி 1791 பிப்ரவரி.

ஐயா, இது சரியா? தண்டனை முடிந்த பிறகா அடித்தார்கள்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

கணக்கு சரிதான் தம்பி. முதல் கப்பல்கள் வந்தபோது யாருக்கு எத்தனை வருஷம், எப்போது முடிகிறது என்ற ஆவணங்கள் அந்தக் குடியேற்றத்தின் முதல் கவர்னர் பிலிப்பிடம் வந்து சேரவில்லை. என் தண்டனை முடிந்துவிட்டது என்று சொன்ன கைதிகளிடம், லண்டனிலிருந்து காகிதம் வரட்டும் என்றுதான் சொன்னார்கள். காகிதம் வரப் பல மாதம் ஆகும். ஹட்சன் அப்படிப் போய்க் கேட்டானா என்பதற்கு எங்கும் குறிப்பில்லை. அம்மா அப்பா எப்போது செத்தார்கள் என்பதே தெரியாத பிள்ளைக்கு அந்த டிசம்பர் தேதியை யார் எண்ணிச் சொல்லியிருப்பார்கள்.